கொல்லாவிளையில் அடைகாத்த விமானம்

காலையில் வந்த விமானம் கொல்லாவிளையில் இறங்கி, வந்தவர்களை இறக்கிவிட்டு, வயிறு நிறைய எண்ணெய் குடித்து, அடுத்த ஆட்களை ஏற்றிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அவர்களை ஏற்றிக்கொள்ளாமல், யாரும் ஓட்டாமலே மெல்ல உருண்டு, கொல்லாமரங்களின், அதாவது முந்திரிமரங்களின், நிழல் எட்டுகிற கிழக்கு மூலைக்குப் போய், உடம்பை ஒருமுறை குலுக்கி, முட்டையிட்டது. எப்சிபா அப்போது போர்டிங் பாஸைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக் கதவருகே வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் நின்ற ஜவுளி வியாபாரி, "முட்டை போட்டுட்டு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். முட்டை பெரியதுதான், மொட்டைமாடியில் வைக்கிற தண்ணீர்த் தொட்டியைப் படுக்கப் போட்ட அளவு இருக்கும், வெளிர்நீல ஓட்டில் அங்கங்கே தவிட்டு நிறப் புள்ளிகள். விமானம் எப்படியோ தாழ்ந்து, முட்டை வயிற்றில் படும்படி அமர்ந்து, இரண்டு பக்கக் காத்தாடிகளையும் நிறுத்தியது. அதற்குப் பிறகு யார் சொல்லியும் அது எழுந்திருக்கவில்லை.

கொல்லாவிளை அப்படியொன்றும் பெரிய விமான நிலையமில்லை. செக்கச்செவேலென்ற தேரி மணலுக்கு நடுவில் ஒரு கூடம், ஒரு ஓடுதளம், பெட்டி சுற்றிவருகிற பட்டை ஒன்று. அந்தப் பட்டை ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் பெட்டிக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியிருப்பார். காலையில் ஒரு விமானம் வந்து போகும், சாயங்காலம் ஒன்று வந்து போகும், இரண்டும் ஒரே விமானம்தான். ஊர்க்காரர்கள் அதைக் காத்தாடி பிளேன் என்பார்கள். நிலையத்தின் மேலாளர் நம்பிராஜன் நல்ல மனிதர், எதற்கும் பதறாதவர். அவர் ஒலிபெருக்கியை எடுத்து, சென்னை செல்லும் விமானம் அடைகாத்துக்கொண்டிருப்பதால் தாமதமாகப் புறப்படும், தடங்கலுக்கு வருந்துகிறோம் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னார். அடைகாப்பதற்கு இந்தியில் என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரியவில்லை, அதனால் இந்தியில் உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னார். வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் சேதி பரவியபோது யாரும் இது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. முட்டை சூடாக இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

எப்சிபா குவைத்தில் நர்ஸ். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தேற்றுகிற வார்டில் அவளுக்கு வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும், அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அவள் கணவன் பொன்சிங் லாரி ஓட்டியவன். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கம்பு ஊன்றித்தான் நடக்கிறான், அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. பேறுகாலத்துக்கென்று ஊருக்கு வந்தவள் விடுப்பை நீட்டி, நீட்டியதை இன்னும் கொஞ்சம் நீட்டி, இனி இழுத்தால் அறுந்துவிடும் என்கிற இடத்தில் கிளம்பியிருக்கிறாள். வருகிற திங்கட்கிழமை அவள் வார்டில் நிற்காவிட்டால் அந்த இடத்தில் வேறொருத்தி நிற்பாள். மகள் கெத்சிக்கு இன்னும் ஒரு வயது நிறையவில்லை.

எப்படிக் கிளம்ப வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்தது பொன்சிங்கின் அக்கா ஜெயமணி. நான்கு பிள்ளை பெற்று வளர்த்த மதினி சொன்னால் அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சுக் கிடையாது. முதலில் பாலை மறக்கடிக்க வேண்டும் என்றாள். வேப்பெண்ணெய் தடவினார்கள். கெத்சி வாய் வைத்து, கசந்து, வாயை எடுத்து, மார்பைப் பார்க்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். உனக்கு என்ன ஆச்சு என்று கேட்கிற பார்வை அது, எப்சிபாவால் அதைத் தாங்க முடியவில்லை. பிறகு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டினாள் மதினி, அப்படிக் கட்டினால் பால் வற்றும். திங்கட்கிழமைக்குத்தான் போகணும் என்றாலும் புதன்கிழமையே கிளம்பிவிடு, மெட்ராஸில் உன் சித்தி மகள் வீட்டில் இரு, கண்ணெதிரே இருந்தால் பிள்ளை மறக்காது என்றாள். கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலான ஒன்றைச் சொன்னாள்: முழித்திருக்கும்போது போகாதே, தூங்கும்போது போய்விடு. அந்தப் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். கப்பலுக்குப் போன மாமன், பட்டாளத்துக்குப் போன சித்தப்பன், திருப்பூருக்குத் தைக்கப் போன அக்கா, எல்லாரும் பிள்ளைகள் தூங்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியவர்கள்தான். எப்சிபாவும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தாண்டினாள்.

மத்தியானத்துக்குள் மற்றப் பயணிகள் எல்லாரும் வேன் பிடித்து மதுரைக்கும், பஸ் பிடித்துத் திருநெல்வேலிக்கும் போய்விட்டார்கள். நம்பிராஜன் எப்சிபாவிடம் வந்து ரயிலுக்கு ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். இல்லை சார், விமானத்துக்குத்தான் டிக்கெட், நான் காத்திருக்கிறேன் என்றாள். ரயிலில் போனால் அதே சென்னைதான், அதே சித்தி மகள்தான், அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் மின்விசிறிக்கு அடியில் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பத்து மைல் தள்ளியிருக்கிற வீட்டுக்குத் திரும்பிப் போகவும் அவளால் முடியாது, பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். சென்னைக்குப் போகவும் கால் வரவில்லை. நடுவில் நிற்பதற்கு ஒரு சாக்குக் கிடைத்ததற்காக அவள் அந்த விமானத்துக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள்.

விமான நிலைய வாசலுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த இசக்கியம்மா அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடையும் வீடும் ஒன்றுதான், நடுவில் ஒரு சாக்குத் திரை. ஐம்பதை எட்டாத வயது, கனத்த தேகம், யாரையும் பேர் கேட்காமலே சொந்தமாக்கிக்கொள்கிற வாய். எப்சிபாவின் ரவிக்கை நனைந்திருந்ததைப் பார்த்தாள். சாயங்காலம் பூக்காரியிடம் இரண்டு முழம் மல்லிகை வாங்கித் தலையில் வைக்காமல் கையில் கொடுத்தாள். எப்சிபா திரைக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதாள், மல்லிகை வாசனையும் பால் வாசனையும் கலந்து அந்தச் சின்ன இடத்தில் நிறைந்தன.

ஊர் அந்த முட்டையை எப்படி எடுத்துக்கொண்டது என்பதைச் சொல்ல வேண்டும். பேறு நடந்த வீட்டு நிலையில் வேப்பிலை செருகுகிற மாதிரி விமான நிலையத்தின் கேட்டில் இசக்கியம்மாவே ஒரு கொத்துச் செருகினாள். துப்பாக்கி வைத்திருந்த வடநாட்டுக் காவலர் அதை எடுக்கப் போனார், பிறகு தன் ஊரிலும் இப்படி ஒன்று உண்டு என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, இன்னும் நன்றாகச் செருகிவைத்தார். ஆட்டோக்காரர்கள் ஹாரன் அடிப்பதை நிறுத்தினார்கள். அதைவிட அதிசயம் உலகத்தில் வேறில்லை என்று நம்பிராஜன் சொன்னார். பெண்கள் உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றி, தூக்குவாளியில் கொண்டுவந்தார்கள். விமானம் சாப்பிடாது என்பதால் விமானியும் பணிப்பெண்களும் சாப்பிட்டார்கள், மூன்று நாளில் விமானியின் முகத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. பாளையக்காரச் சாஸ்தா கோயில் பூசாரி திருநீறு கொடுத்துவிட்டார், பள்ளிவாசலிலிருந்து ஓதின தண்ணீர் வந்தது, பாதிரியார் வந்து வேலிக்கு வெளியே நின்று சுருக்கமாக ஜெபம் பண்ணினார். வெயில் ஏறினால் தீயணைப்பு வண்டிக்காரர்கள் இறக்கை மேல் சாரலாகத் தண்ணீர் தெளித்தார்கள். வெடிகுண்டு மோப்பம் பிடிக்கிற நாய் வேலையை விட்டுவிட்டு முட்டைக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது, அதையும் யாரும் கூப்பிடவில்லை. சேதி கேட்டுச் சுற்று ஊர்களிலிருந்து ஜனம் வந்தது. வந்தவர்கள் வேலியோடு நின்று பார்த்தார்கள், கர்ப்பிணிகளை மட்டும் முன்னால் விட்டார்கள், பார்த்துவிட்டு டீக்குடித்துவிட்டுப் போனார்கள்.

எப்சிபாவுக்குச் சும்மா உட்கார முடியவில்லை. இசக்கியம்மா கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு, செய்யதலியின் ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிக் காட்டினாள். இந்த மண்ணில்தான் எப்சிபா பிறந்தாள், ஆனாலும் படிப்பு, ஆஸ்டல், குவைத்து என்று ஓடியதில் தன் ஊருக்கும் விமான நிலையத்துக்கும் நடுவில் இருக்கிற இந்தப் பத்து மைலை அவள் வண்டிக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். உப்பளத்தில் பெண்கள் முழங்காலளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு வெள்ளையாக வெள்ளையாக வாரிக் குவிப்பதைப் பார்த்தாள். கொல்லாம்பழத்தை உப்புத் தொட்டுத் தின்று, தொண்டை கரகரக்கச் செருமினாள். சிவந்த மணலுக்கு நடுவே திடீரென்று ஓரிடத்தில் சுனை ஒன்று, கண்ணாடி மாதிரித் தண்ணீர்; இந்தக் காய்ந்த பூமிக்குள் இத்தனை தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்க, அது ஊறிக்கிட்டேதான் இருக்கும் தாயி, யாரு நிறுத்த முடியும் என்று செய்யதலி சொல்லிவிட்டு முகம் கழுவினார். எப்சிபா முந்தானையை இழுத்து நெஞ்சை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை தேரி மணல்மேட்டின் உச்சிக்கு ஏறினார்கள். கால் புதையப் புதைய ஏறி, மேலே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஓடுதளமும் அதன் மூலையில் குனிந்து உட்கார்ந்திருக்கிற விமானமும், மூன்றாவது பக்கம் பனைகளுக்கு மேலே எப்சிபாவின் ஊர்க் கோயில் கோபுரமும் அதன் உச்சிச் சிலுவையும் தெரிந்தன. அந்தக் கோபுரத்திலிருந்து நான்காவது வீடு அவளுடையது. காற்று அங்கிருந்துதான் வந்தது. அவள் போனை எடுத்தாள்.

பொன்சிங் முதலில் நல்லாருக்கா, நல்லாருக்கா என்றுதான் சொன்னான். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"அழமாட்டேங்கா எப்சி. அழுதாக்கூடத் தூக்கி வச்சு ஆத்திருவேன். தேடுதா. கட்டில்ல தவந்து போயி ஒவ்வொரு தலவாணியாத் தூக்கித் தூக்கிப் பாக்கா. பாத்துட்டு அப்படியே வச்சிருதா. போர்வைய வெலக்கிப் பாக்கா. பீரோவுக்குப் பின்னால பாக்கா. நீ எங்கனயோ ஒளிஞ்சு கெடக்கன்னு நெனச்சிருக்கா போல."

அவன் சொன்னதை எப்சிபா அப்படியே இசக்கியம்மாவிடம் சொன்னாள். சின்னப் பிள்ளைதானே, இரண்டு நாளில் மறந்துவிடும் என்றாள் இசக்கியம்மா, ஆறுதலாகத்தான் சொன்னாள். கீழே இறங்கும்போது எப்சிபா கோபுரத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதற்கிடையில் சென்னையிலிருந்து இரண்டு மெக்கானிக்குகள் வந்து விமானத்தின் எஞ்சினைக் கழற்றிப் பார்த்து, மாட்டி, திரும்பக் கழற்றிப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றார்கள். காத்தாடி மட்டும் சுற்றவில்லை. அவர்களில் மூத்தவர், வீட்டில் மூன்று பிள்ளைகள் உள்ளவர், இதற்கு ரிப்பேர் என்று ஒன்றும் கிடையாது என்று சொல்லிவிட்டு உளுந்தங்களி சாப்பிட்டுப் போய்விட்டார். சனிக்கிழமை காலையில் மேலிடத்திலிருந்து நம்பிராஜனுக்கு உத்தரவு வந்தது: ஞாயிற்றுக்கிழமை விமானம் பறந்தாக வேண்டும், முட்டையை அப்புறப்படுத்துங்கள்.

எப்படி அப்புறப்படுத்துவது என்று நம்பிராஜன் டீக்கடையில் வந்து நின்றுகொண்டு யோசித்தார். யோசனை சொன்னது இசக்கியம்மாதான். கோழி அறியாமல்தான் முட்டையை எடுக்கணும் சார், அடியில் கூமுட்டை ஒன்றை விட்டுவிட்டால் அது பேசாமல் இருக்கும் என்றாள். எல்லாருக்கும் அது சரியென்றே பட்டது. அந்த நேரம் அங்கிருந்த அத்தனை பேரும் தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போனவர்கள், அல்லது அப்படித் தாண்டிப் போகப்பட்டவர்கள். அவர்களுக்கு வேறு வழி தெரியாது. சுண்ணாம்பு அடித்த பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். செய்யதலி அதில் தவிட்டு நிறப் புள்ளிகூட வைத்தார், பார்த்துப் பார்த்து வைத்தார், அவர் கை அத்தனை நேர்த்தி. உச்சிவெயிலில் விமானம் அசந்திருக்கிற நேரமாகப் பார்த்து, தீயணைப்பு ஆட்கள் பத்துப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், முட்டையைக் கம்பளியில் உருட்டிச் சரக்குக் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு, தொட்டியை வயிற்றுக்கடியில் தள்ளிவைத்தார்கள். எப்சிபா கூடத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் செருப்பைக் கழற்றியதைப் பார்த்தபோது அவள் குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

ஒரு டீ குடிக்கிற நேரம் ஒன்றும் நடக்கவில்லை. சரிதான், ஏமாந்துவிட்டது என்று நம்பிராஜன் மூச்சு விட்டார். அப்புறம் விமானம் மெல்ல நடுங்கியது. அதன் முன்கதவு தானாகத் திறந்தது, பின்கதவு திறந்தது, சாமான் வைக்கிற அடிக்கதவு திறந்தது. உள்ளே விளக்குகள் எரிந்தன. கத்தவில்லை, உறுமவில்லை, எஞ்சின் சத்தம் ஒரு துளி இல்லை. தலைக்கு மேலுள்ள பெட்டிகள் வரிசையாக ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் மட்டும் டப், டப் என்று முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் போயிற்று. ஓடிப்போய் ஏறிப் பார்த்த பணிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். எப்சிபா யாரிடமும் கேட்காமல் கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலில் நடந்து போய்ப் படியேறினாள், யாரும் அவளைத் தடுக்கவில்லை.

உள்ளே இருக்கைகளின் மெத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. எழும்பி, அடியில் ஒன்றுமில்லை என்று கண்டு, அப்படியே திரும்பப் படிந்தன. கடைசி வரிசை முடிந்ததும் முதல் வரிசையிலிருந்து மறுபடி தொடங்கிற்று. எப்சிபா நடுவழியில் நின்று அதைப் பார்த்தாள். அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒரு மெத்தை தூக்கிய கையோடு தன் மகள் எதிரில் இருப்பதைப் போல, அந்த மெத்தையைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். இங்கே இல்லை, இங்கே இல்லை, தேடாதே என்று சொன்னாள். மெத்தை அவள் உள்ளங்கைக்குள் ஒருமுறை திமிறிவிட்டு அடங்கிற்று.

இறங்கி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து நம்பிராஜன் ஒரு அடி பின்னால் வைத்தார்.

"சார், மொதல்ல முட்டையக் கொண்டாந்து அது வயித்துல வைங்க. எடுக்கத்தான் வேணும்னா எடுங்க, அது பறக்கத்தான் வேணும், எனக்குத் தெரியும். ஆனா அது கண்ணு முன்னால எடுங்க. யாரு வச்சிருப்பா, எங்கன வச்சிருப்பா, அது எப்ப திரும்ப வந்து பாக்கலாம், எல்லாத்தையும் அதுகிட்ட சொல்லிட்டு எடுங்க. அழும். அழட்டும். சொல்லாம எடுத்தா மறக்காது சார், தேடிக்கிட்டே கெடக்கும். அது மறந்துட்டுன்னு நாம நெனச்சிக்கிடுவோம்."

இசக்கியம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுண்ணாம்பு பூசின தொட்டியைப் போய் அவளே ஒரு கை கொடுத்து வெளியே இழுத்தாள். இழுத்தபடி, வேறு யார் காதிலும் விழாத மாதிரி, எங்க அய்யா கப்பலுக்குப் போனப்போ நான் ஒரு மாசம் கெணத்த எட்டி எட்டிப் பாத்தேன் என்று எப்சிபாவிடம் சொன்னாள். இத்தனை நாளும் அதை மறந்தேபோயிருந்தேன் என்றும் சொன்னாள்.

முட்டை வந்தது. விமானத்தின் கதவுகள் ஒவ்வொன்றாக மூடின, விளக்குகள் அணைந்தன. வெயில் தாழும் வரைக்கும் அதை அப்படியே விட்டார்கள். பிறகு எப்சிபா அதன் மூக்கருகே போய் நின்று, வார்டில் தாய்மாரிடம் சொல்கிற மாதிரி, நிதானமாக, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்: அதோ எதிரே இருக்கிற கொட்டகையில்தான் வைப்போம், கதவைத் திறந்தே வைப்போம், கொல்லா இலை பரப்பிக் கம்பளி போட்டு இரண்டு பக்கமும் பல்பு எரியும், இதோ இந்த இசக்கியம்மா பக்கத்தில் இருப்பாள், தீயணைப்புக்காரர்கள் முறை வைத்து இருப்பார்கள், நீ காலையில் போனால் சாயங்காலம் வந்து பார்க்கலாம். இசக்கியம்மா நானிருக்கேன் என்று கையைத் தூக்கிக் காட்டினாள். பத்துப் பேரும் செருப்புச் சத்தம் கேட்கக் கேட்க நடந்து வந்து முட்டையை எடுத்தார்கள். விமானம் அப்போதுதான் குரல் கொடுத்தது. தேரி முழுக்கக் கேட்ட, அடிவயிற்றிலிருந்து வந்த ஒரு நீண்ட விம்மல், மயில்கள் எல்லாம் பதில் கொடுத்தன. அழுது முடித்ததும் அதன் இடப்பக்கக் காத்தாடி மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அந்த முட்டை ஐப்பசி மழையில் பொரிந்ததும், கன்றுக்குட்டி உயரத்தில் வெளியே வந்த குஞ்சு தத்தித் தத்தி ஓடுதளத்தில் அம்மாவுக்குப் பின்னால் ஓடியதும், மற்ற நேரங்களில் ஆட்டோ ஸ்டாண்டில் செய்யதலியின் வண்டிக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டு பெட்டி தூக்க ஆசைப்பட்டதும் பிற்பாடு நடந்தவை. போய்ப் பார்க்கிறவர்கள் இன்றைக்கும் பார்க்கலாம், அதற்குக் கொல்லாம்பழம் மட்டும் கொடுக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் எப்சிபா செய்யதலியிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள். பத்து மைலும் அவர் ஹாரன் அடிக்காமல் ஓட்டினார், பழகிவிட்டது. வாசலில் மதினி ஜெயமணி கோதுமை புடைத்துக்கொண்டிருந்தாள். எப்சிபாவைக் கண்டதும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வாசலை மறித்தாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்துபோனாள்.

"என்ன எப்சி இப்படிப் பண்ணிட்ட. இப்பத்தான் ஒருவழியா மறந்துட்டு வாரா."

"மறக்கல மதினி. தேடிக்கிட்டிருக்கா. நான் நாளைக்குப் போயிருவேன். அவகிட்டச் சொல்லிட்டுப் போறேன்."

"பால்குடிப் பிள்ளைக்கு என்ன தெரியும்னு சொல்லப்போற?"

"நான் சொல்லப்போறது எனக்குத் தெரியும்லா. அது போதும்."

ஜெயமணி குனிந்து சுளகை எடுத்தாள். தன் நான்கு பிள்ளைகளில் எவனை நினைத்தாளோ, எந்த ரயிலை நினைத்தாளோ, வழியை விட்டாள்.

கெத்சி கட்டிலுக்கடியில் இருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் தவழ்ந்து வரவில்லை, முகத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டாள். எப்சிபா தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் கையை நீட்டி வைத்துக்கொண்டு, அப்படியே கிடந்தாள். பொன்சிங் கம்பை ஊன்றி நிலையில் சாய்ந்து நின்றான், அவனுக்கும் கண் நிறைந்திருந்தது. விளக்கேற்றுகிற நேரத்துக்குப் பிள்ளை தவழ்ந்து வெளியே வந்து, அம்மாவின் கன்னத்தில் சின்னக் கையால் ஒரு அடி அடித்து, இன்னொரு அடி அடித்து, பிறகு மார்பில் வந்து முகம் புதைத்தாள். மல்லிகையைக் கழற்றிப் போட்டாள் எப்சிபா. கெத்சி முகர்ந்து பார்த்தாள். வேப்பெண்ணெய்யை நினைத்து உதட்டைச் சுளித்தாள், ஆனாலும் வாய் வைத்தாள். வற்றும் என்று மதினி சொன்ன பால் வந்துகொண்டே இருந்தது, குடித்துத் தூங்கி எழுந்து மறுபடி குடித்தாள். அவள் முழித்திருந்த நேரமெல்லாம் எப்சிபா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: அம்மா பிளேன் ஏறிப் போறேன், அங்கே உன்னைவிடச் சின்னப் பிள்ளைகளெல்லாம் இருக்கிறது, அதுகளைப் பார்க்கப் போறேன், அப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறாள், கிறிஸ்மஸுக்கு வருவேன். எத்தனை தடவை சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மணி அடிக்கிற நேரத்தில் எல்லாரும் கொல்லாவிளைக்கு வந்தார்கள். பொன்சிங் வந்தான், மதினியும் நல்ல சேலை உடுத்திக்கொண்டு வந்தாள். எப்சிபா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மகளைக் கடைசியாக ஒருமுறை நெஞ்சோடு அணைத்து, முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணைப் பார்த்து, போயிட்டு வாரேன் மக்கா என்று சொல்லி, மதினியின் கையில் கொடுத்தாள். கெத்சி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். விரல் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது, அதை மதினி செய்யட்டும் என்று விடாமல் எப்சிபா தானே செய்தாள். பிறகு செருப்பைக் காலில் போட்டுக்கொண்டு விமானத்தை நோக்கி நடந்தாள். அழுகை பின்னால் கிளம்பிற்று. அவள் திரும்பிப் பார்த்தாள், படியேறும்போது மறுபடி திரும்பிப் பார்த்தாள், பிள்ளைக்குத் தன் முகம் தெரிகிற மாதிரி ஒவ்வொரு முறையும் நின்றாள்.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பட்டியை மாட்டினாள். எதிர்க்கொட்டகைக்குள் பல்பு வெளிச்சத்தில் இசக்கியம்மா முட்டைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு டீ குடிப்பது தெரிந்தது. காத்தாடிகள் சுற்றத் தொடங்கின. அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு கெத்சியின் அழுகை வந்தது. எப்சிபா காதைப் பொத்தவில்லை, குனிந்து கேட்டாள். வார்டில் வருஷக்கணக்காகப் பிள்ளைகளோடு கிடந்தவள்; பசியழுகை, வலியழுகை, ஈரத்துக்கு அழுவது, யாருமில்லை என்று அழுவது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இது அவற்றில் எதுவுமில்லை. இது கோபம். போகிறாயா, போ, வந்ததும் உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று, போகிறவள் யார் என்று தெரிந்து, எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்த்து, திரும்பி வருகிறவளுக்காக எடுத்து வைத்துக்கொள்கிற கோபம். விமானம் மேலே எழும்பித் தேரியைத் தாண்டுகிற வரைக்கும் அது அவள் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. நெஞ்சு நனைய நனைய, எப்சிபா அதைக் கேட்டுக்கொண்டே சிரித்தாள்.